கிள்ளான் வகுப்பின் பத்தாவது மாணவி

எங்கள் தொழிலில் ஆளைப் பார்க்கத் தேவையில்லை. ஆள் வந்தாரா, வரவில்லையா என்று தெரிந்தால் போதும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் பதினோரு வருஷமாக டேட்டா எழுதுகிறேன். பெயர் சுமதி, வயது நாற்பத்தேழு. பெரியவர்களுக்கான சனிக்கிழமை வகுப்புகளிலும், பட்டறைகளில் தொழில் பழகுபவர்களிலும் யார் வந்தார், யார் பாதியில் நின்றார், யார் முடித்தார் என்று மாதாமாதம் அரசாங்கக் கணினிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மானியம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் திரை சிவப்பாகும், முதலாளி முகம் அதைவிடச் சிவப்பாகும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட ஜென்மங்களே, உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே ஆள்

என் அறை மூன்றாம் மாடியில், போட்டோஸ்டாட் மிஷினுக்குப் பின்னால். ஜன்னல் கிடையாது. ஏர்கோன் குளிர் வெளியே போகக்கூடாது என்பது உத்தரவு, அதனால் காலையில் சாத்தும் கதவை சாயங்காலம்தான் திறப்பேன். மதியச் சாப்பாடும் கீபோர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயேதான். வீட்டிலும் நான் தனி ஆள். அதை விட்டுத் தள்ளுங்கள்.

ஒரு நாள் பேப்பர் தீர்ந்துபோய் வெளியே வந்தேன். இரண்டு வருஷமாக அதே மாடிக்கு வந்துபோகும் தையல் வகுப்பு ஆன்டி ஒருவர் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துவிட்டார். அவருடைய பிறந்த தேதி, அடையாள அட்டை எண், எந்தெந்த வாரம் மட்டம் போட்டார் என்பதுவரை எனக்கு மனப்பாடம். அவருக்கோ நான் யாரோ. "அம்மாடி! உள்ள ஆளு இருக்காங்களா? நா ஸ்டோர் ரூமுன்னுல நெனைச்சேன்!"

ஏழு காரணங்கள்

ஒருவர் வகுப்பை விட்டு நின்றால் கணினி ஏழு காரணங்கள் கொடுக்கும். வேலை கிடைத்தது, நோய், இடமாற்றம், குடும்பச் சூழல் இப்படி. அதில் ஒன்றைத்தான் தட்ட வேண்டும். சொந்தமாக எழுத வழியில்லை.

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஓர் அங்கிள் வயரிங் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். நாலு வாரம் ஒரு நாள் தவறவில்லை. ஐந்தாம் வாரம் ஆளைக் காணோம். உடம்புக்கு என்னவோ என்று பதறிப்போய்க் கூப்பிட்டேன். இனி வரப்போவதில்லை என்று நிதானமாகச் சொன்னார். நான் ஏழு காரணங்களையும் வரிசையாக வாசித்தேன். எதுவும் தனக்குப் பொருந்தாது என்றார். நோயுமில்லை, சூழலுமில்லை. "வீட்டு ஃபேன் ஓடாம இருந்திச்சி மா, அத கத்துக்கத்தான் வந்தேன். இப்ப ஜோரா ஓடுது. இன்னும் எதுக்கு வரணும்?"

அம்பாங்கிலிருந்து ஒரு யோசனை

படிப்பு முடித்து ஆறு மாதம் ஆனதும் எல்லாரையும் கூப்பிட்டு, வேலை கிடைத்ததா என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். எடுப்பவர்கள் "லோன் வேணாம்" என்று வைத்துவிடுவார்கள். அம்பாங்கில் ஒருவர் மட்டும் முதல் மணியிலேயே எடுத்தார். ஏர்கோன் பழுது பார்க்கும் படிப்பு முடித்தவர், மனைவி இறந்து இரண்டு வருஷமாம். வேலை கிடைத்துவிட்டது என்றார். பிறகு பூனையைப் பற்றி, முட்டி வலியைப் பற்றி, எதிர்வீட்டு ரேடியோவைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். வைக்க எனக்கும் மனசு வரவில்லை.

கடைசியில், மறுபடி எப்போது கூப்பிடுவீர்கள் என்றார். வேலை கிடைத்தவர்களை ஒரு தடவைதான் கூப்பிடுவோம், கிடைக்காதவர்களைத்தான் மறுபடி கூப்பிடுவோம் என்றேன். "அப்ப எனக்கு வேல கெடைக்கலன்னே போட்டுக்குங்களேன் லா."

சொல்லிவைத்தாற்போல் தொண்ணூறு

இனி வருவது என் மானம் போன கதை. வருஷத் தொடக்கத்தில் கணினியைப் புதுப்பித்தார்கள். புதுப் படிவம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, கிள்ளானில் நாங்கள் நடத்தும் கேக் வகுப்பில் என் பெயரையே மாணவியாகப் போட்டுப் பார்த்தேன். போன் நம்பர்கூட என்னுடையதுதான். அழித்துவிடலாம் என்று இருந்தபோது முதலாளி ஏதோ பிரிண்ட் கேட்டார். எழுந்து போனேன், அடியோடு மறந்தேன்.

அந்த வகுப்புக்குப் பத்துப் பேர் இருந்தால்தான் அனுமதி. வந்தவர்கள் ஒன்பது பெண்கள். கணினி என்னையும் சேர்த்துப் பத்து என்றது. நான் ஆட்களை எண்ணுபவள் இல்லையே, கணினி காட்டும் எண்ணைத்தானே நம்புவேன்! அங்கே வருகையை டீச்சரே பதிவு செய்துவிடுவார், எனக்கு மொத்த விழுக்காடு மட்டும் வரும். ஒவ்வொரு வாரமும் சொல்லிவைத்தாற்போல் தொண்ணூறு. எந்த வகுப்பிலும் இப்படி வந்ததில்லை. நான் பூரித்துப்போனேன். முதலாளி வாழ்நாளில் முதல் தடவையாக என் அறைக்கதவைத் தட்டித் தலையை நீட்டினார். "கிள்ளான பாத்து மத்த க்ளாஸெல்லாம் கத்துக்கணும், சுமதி!"

எனக்கு வந்த போன்

மூன்று மாதம் வராதவர்களை மானியம் தரும் இலாகாவிலிருந்து நேரடியாகக் கூப்பிடுவார்கள். ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்திருந்தபோது என் போன் அடித்தது. ஒரு மலாய்க்கார அதிகாரி, கனிவான குரல். கிள்ளான் கேக் வகுப்பு மாணவி புவான் சுமதியா என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். மூன்று மாதமாக ஒரு நாள்கூட வரவில்லையே, ஏன் என்றார்.

ஐயோ, அப்போதுதான் உறைத்தது! இல்லாத மாணவியைக் காட்டி வகுப்பு நடத்தினால் அதற்குப் பெயர் மோசடி. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பயம் வருவதற்கு முன்னால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஏன் வரவில்லை என்று என்னை ஒருவர் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. நான் மூக்கை உறிஞ்சியதைக் கேட்டு அவர் பதறிவிட்டார். "புவான், உடம்பு ஏதும் சரியில்லையா?"

முதலாளியின் வைத்தியம்

பத்து ஒன்பதானால் வகுப்பை மூடிவிடுவார்கள். பரீட்சைக்கு ஐந்தே வாரம். அந்த ஒன்பது பேரில் லெட்சுமி அக்கா என்று ஒருவர், வயது ஐம்பத்து நாலு, பள்ளி கேண்டீனில் தட்டு மங்கு கழுவுகிறார். ஒரு ஹோட்டலில் கேக் பிரிவில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பாஸ் பண்ணிய சான்றிதழ், அந்தச் சிஜில், இருந்தால் மட்டும். "க்ளாஸ் நிக்காதுல்ல?" என்று மாதத்துக்கொரு முறை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்பவர். நிற்காது என்று சொன்னவளும் நான்தான்.

முதலாளியிடம் ஓடினேன். திட்டுவார் என்று பார்த்தால் சிரித்தார். மூன்று மாதம் நோய் என்று டாக்டரிடம் எம்.சி. சீட்டு வாங்கிக்கொண்டு, இனி நானே வகுப்பில் போய் நிற்க வேண்டுமாம். கண்டுபிடித்துவிட்டால் என்றேன். "அட, ஒன்ன யாருக்குத் தெரியும்?"

பத்தாவது மேசை

சனிக்கிழமை கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு சபலம். பேசாமல் மாணவியாகவே நின்றுவிடலாமா? மானியத்துக்காக இல்லை, சாமி சத்தியமாக. வாரத்தில் ஒரு நாள் பத்துப் பேரில் ஒருத்தியாக நிற்கலாமே என்றுதான். ஆனால் பொய் பிடிபட்டால் ஒன்பது பேர் சிஜிலும் செல்லாது. முதலில் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே போய், "நான் சுமதி" என்றேன். "வந்துட்டாங்கடி!" என்று ஒரே கூச்சல். ஒரு மேசையில் என் பெயர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மடிப்புக் கலையாத ஏப்ரன்.

எல்லாவற்றையும் சொன்னேன். லெட்சுமி அக்கா கையிலிருந்த கரண்டியை டொக்கென்று வைத்தார். "ரெண்டு பஸ் மாறி வரேன் மா நானு! நீங்க வெளையாட்டா தட்டுனதுக்கு எங்க பொழப்பு போகணுமா?" நான் அழுதுவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு தட்டை நகர்த்தினார். "வாரா வாரம் கேக்க பத்தா வெட்டி, ஒன் பங்க எடுத்து வச்சி பாத்துக்கிட்டு இருந்தோம். கடைசியில வாசல் கார்ட் அண்ணன்தான் திம்பாரு. மொதல்ல உக்காந்து சாப்புடு, அப்புறம் திட்டுறேன்."

தீர்ப்பு

திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதி இலாகாவுக்கு அனுப்பினேன். ஒன்பது பேரும் ஒழுங்காக வந்தவர்கள் என்பதால் பரீட்சை எழுத விட்டார்கள். அதோடு கிள்ளான் வகுப்பு மூடப்பட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அதுவே எனக்கு மூன்றாவது வாரம்தான் தெரிந்தது.

லெட்சுமி அக்கா பாஸ். ஹோட்டலில் வேலையும் கிடைத்தது. கூப்பிட்டுச் சொன்னார். அடிக்கடி கூப்பிடுங்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டேன். "எங்க மா, அங்க போன உள்ள கொண்டு போக விட மாட்டாங்களாம், லீவும் செவ்வாக்கெழம ஒரு நாளுதான், அன்னைக்கி வீட்டு வேலையே சரியா இருக்கும். அதான் இப்பவே கூப்புட்டேன். நல்லாயிரு."

பதினோரு வருஷத்தில் ஆயிரம் பேரைச் சரியாகப் பதிந்திருக்கிறேன், என்னையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்த்தது நான் செய்த ஒரே தப்பு.