வெளித் தாழ்ப்பாள்

வெல்டர், ஆள் கடத்தும் கும்பலின் பாதாள அறைகளுக்குக் கதவு செய்தே வயிறு வளர்த்தவர். பிடித்து வரப்பட்டவர்கள் தப்பக்கூடாதென்று எல்லாத் தாழ்ப்பாளையும் வெளிப்பக்கமே வைத்திருந்தார்.

இன்று புது அறைக்காகச் சுரங்கம் தோண்டிய கும்பல் ஆட்கள் ஒரு பழங்காலக் கல்லறையை உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய சில்லிட்ட இருட்டு, தொட்டவர்களை விழுங்கிக்கொண்டே வந்தது. பூட்டிய கதவை மட்டும் அதனால் தாண்ட முடியவில்லை. மிஞ்சிய கும்பல் தலைவனும் வெல்டரும் அவர் தம்பியும் ஓர் அறைக்குள் ஓடினார்கள்.

“உள்ளே தாழ்ப்பாள் எங்கய்யா?” என்றான் தலைவன்.

“அடைச்சு வெக்கிற ரூமுக்கு உள்ளே யாரு தலைவரே வெப்பா?”

“அப்போ நீயே வெளியே போய்ப் போடு.”

தம்பி அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல்களைப் பிரித்துவிட்டு வெல்டர் வெளியேறித் தாழிட்டார்.

உள்ளிருந்து தம்பி கேட்டான்: “அண்ணே, அப்புறம் யாரு தொறப்பா?”

திறந்தால் இருட்டும் உள்ளே போகும். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அவர் நின்றார். குதிகால் குளிர்ந்தது.