பேசக் கூடாத மே மாதம்

எங்கள் சபையில் யார் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தாலும், காபி வெளியே வருவதற்குச் சற்று முன்னால் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும். "டீச்சரக்கா, நீங்க ஜெபம் பண்ணி முடிங்க." நானும் முடிப்பேன், ஆனால் லேசில் முடிக்க மாட்டேன். நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், வரன் அமையாதவர்கள், மழை, நாட்டை ஆளுகிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் சுற்றிவந்து ஆமென் சொல்வதற்குள் காபி ஆறிப்போயிருக்கும். நான் நன்றாக ஜெபிக்கிறேன் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

இந்த வருஷம் முழுப்பரீட்சை முடிந்த கையோடு என் குரல் போய்விட்டது. பசுமலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் தொண்டை, அதுவும் எத்தனை நாள்தான் தாங்கும்? டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கியிருக்கிறது, மே மாதம் முழுக்க வாயே திறக்கக் கூடாது என்றார். "குசுகுசுன்னும் பேசக் கூடாதும்மா. அது இன்னும் கெடுதல்." பக்கத்தில் நின்ற என் கணவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது. அதற்காக அவரைத் திட்டவும் எனக்குக் குரல் இல்லை.

மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் ஜெபிக்க உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் ஒன்றும் வரவில்லை. வாய் முன்னால் ஓடினால்தான் என் மனசு பின்னால் ஓடிவரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசுக்குள் ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றுபோய், தோசைக்கு மாவு இருக்கிறதா, பால் பாக்கெட் வந்துவிட்டதா என்று வேறு பக்கம் திரும்பியது. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. நான் பயந்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் பேசியது ஆண்டவரிடமா, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமா? கேட்க ஆளில்லை என்றால் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையா? அழுதேன். அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அலங்காநல்லூரில் இருக்கும் என் தங்கச்சியைப் பார்க்க வண்டியில் கிளம்பினோம். சிக்கந்தர் சாவடி தாண்டியதும் வெயிலோடு கொஞ்சம் காற்றும் வந்தது. கணவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஓட்டினார். அறுத்த கரும்பு வயல், வாய்க்காலில் தண்ணீர் இல்லாதது, தன் ஆபீஸில் யாருக்கு டிரான்ஸ்ஃபர் என்று எதையும் விடவில்லை. என்னிடமிருந்து ஒரு 'உம்' கூட வராமல் எப்படி இம்புட்டு நேரம் பேசுகிறார் என்று எனக்கே ஆச்சரியம். ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது போனில் தட்டிக் காட்டினேன்: 'செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இல்லையா?'

அவர் சிரித்தார். "நீ பேசாட்டி என்ன? நீ பின்னாடி உக்காந்திருக்கன்னு வண்டியே சொல்லுதுல்ல. நீ இல்லாம ஓட்டுனா அது வேற மாதிரி ஓடும்."

டீயைக் குடித்துவிட்டு அவர் மறுபடி வண்டியைக் கிளப்பினார். அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்கு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. மிச்ச தூரம் முழுவதும் அவர் தோளில் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் நான் எந்த வாக்கியத்தையும் ஆரம்பிக்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, வந்திருக்கிறேன் என்பதுபோல் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மாவு ஞாபகம் வந்தது, போனது. அப்படியே தூங்கியும் போனேன். என் உடம்பு சரியாகத் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. என்னைப் பார்க்க வந்தவர்களை என் கணவர் வாசலிலேயே நிறுத்தி, "அவ ஜெபத்துல இருக்கா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். விழித்தபோது அப்படி ஒரு நிம்மதி. யாரோ பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டது போலிருந்தது. அந்த மாதம் முழுக்கக் காலைகள் இப்படித்தான் போயின. சில நாள் விழித்திருந்தேன், சில நாள் தூங்கினேன். இரண்டையும் ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் குரலும் திரும்பி வந்தது. முதல் கூட்டத்திலேயே, "டீச்சரக்கா வந்துட்டாங்க, இனி கவலையில்ல" என்று என்னை எழுப்பிவிட்டார்கள். தலைகள் குனிந்தன. குரல் கணீரென்றுதான் இருந்தது.

"ஆண்டவரே, நாங்க எல்லாரும் இங்க இருக்கோம். நீரும் இருக்கிறீர். அது போதும். ஆமென்."

யாரும் தலை நிமிரவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். பக்கத்திலிருந்த பெண் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பாவம்க்கா, தொண்டை இன்னும் சரியாகலை போல. அடுத்த வாரம் வேற ஆள வச்சு முடிச்சுக்குவோம்."

சரியென்று தலையாட்டினேன். வாழ்நாளில் நான் முழுசாகப் பண்ணிய முதல் ஜெபம் அதுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?