டிக்கியில் பேட்டரி, வெளியே சுவிட்ச்

இண்டியானாவில் எங்கள் ஊர்ப் பந்தயத் தடத்தில் முப்பது வருடம், ஓட விடுவதற்கு முன் கார்களைச் சோதித்தவர் வெண்டல் ஹோஸ்டெட்லர். பெற்ற தாயையே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார் என்போம். பின்சக்கரத்தில் பாரம் ஏறினால் தரையில் பிடிப்பு கூடும் என்று நாங்கள் பேட்டரியை முன்னாலிருந்து கழற்றி டிக்கியில் வைப்போம். அவருக்குச் சந்தேகம் முளைப்பதே அங்கேதான். பேட்டரி ஆடுகிறதா என்று உலுக்குவார். நீள ஒயர் எங்காவது தகரத்தில் உரசுகிறதா என்று காருக்கடியில் படுத்துத் தடவுவார். கடைசியில் என்ஜினை ஓடவிட்டு, பின்பக்கம் வெளியே இருக்கும் சுவிட்சை அணைப்பார். கார் கவிழ்ந்தால் ஓடி வருகிறவர்கள் அணைப்பதற்கான சுவிட்ச் அது. அணைத்ததும் என்ஜின் நிற்க வேண்டும். என்னுடையது இரண்டு முறை நிற்கவில்லை. இரண்டு முறையும் வீட்டுக்கு விரட்டினார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓய்வுபெற்றதும் அவரே ஒரு பழைய கார் வாங்கி, பேட்டரியை டிக்கிக்கு மாற்றி, போன சனிக்கிழமை கொண்டுவந்தார். இப்போது சோதிக்கிறவன் நான்.

"உங்க வேலையப் போய் நான் பாக்கணுமா வெண்டல்? போங்க."

"ஏன், நான் என்ன உன் மாமனாரா? சுவிட்ச அணைடா."

அணைத்தேன். என்ஜின் அதுபாட்டுக்கு ஓடியது. பேட்டரி துண்டான பிறகும், என்ஜினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் என்ஜினுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் செய்த அதே தப்பு.

அவர் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். துளியும் இல்லை.

"பாத்தியா? இந்த ஆள் மேல எனக்கு ஆரம்பத்துலேருந்தே ஒரு சந்தேகம்தான்," என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு, காரை வீட்டுக்குத் திருப்பினார்.