மாரீஸ்வரி டீச்சரின் கறுப்புக் கண்ணாடி

சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைக் காட்டை ஒட்டிய அந்தப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு என்றால் இப்போது மாரீஸ்வரி டீச்சரும் அனுப்பிரியாவும்தான். மற்ற பிள்ளைகள் எல்லாரும் அறையை இரண்டாகப் பிரித்த தட்டிக்கு அந்தப் பக்கம், சிஞ்சு டீச்சரின் மலையாள வகுப்பில் இருந்தார்கள். அங்கே எப்போதும் கூச்சல். இங்கே ஒரு பெஞ்சு, ஒரு பிள்ளை, நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகம்.

மாரீஸ்வரிக்குக் கணவர் இல்லை. மகன் ஓசூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "மாத்திரை போட்டியாம்மா?" என்பான். "போட்டேன்" என்பாள். அதோடு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கம் பூட்டிக் கிடந்தது. ஆகவே அவள் பேச்சு முழுவதும் பகலில், பள்ளியில்தான் செலவானது. மழை, முழங்கால் வலி, பாதி வெந்த துவரம்பருப்பு எல்லாவற்றையும் அனுப்பிரியாவிடம் சொல்லுவாள். இரண்டு வாழைப்பழம் கொண்டுவருவாள், ஒன்று பிள்ளைக்கு.

ஓணம் லீவு முடிந்ததும் பிள்ளையின் அம்மா இந்து வந்தாள். ரிசார்ட்டில் அறை பெருக்கித் துடைக்கிறவள். வாசலுக்கு உள்ளே வராமலே பேசினாள்.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதீக. ஜனவரியில இவளக் கீழ இங்கிலீஷ் மீடியத்துல சேத்துரலாம்னு இருக்கோம். பஸ்ஸு லயத்து வீட்டு வாசலுக்கே வருது."

"மார்ச் வரைக்கும் விடு இந்து. நடு வருசத்துல மாத்தினா பிள்ளைக்குத்தான் சங்கடம். கணக்குல எம்புட்டுக் கெட்டின்னு நீயே கேட்டுப் பாரேன்."

இந்து சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தப் பள்ளி நான்காம் வகுப்போடு சரி; மார்ச் முடிந்தால் எப்படியும் அந்த அறையில் யாரும் இருக்கப்போவதில்லை. மாரீஸ்வரி அந்தச் சில மாதங்களைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாருக்காகக் கேட்டாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

கணக்கில் கெட்டி என்று சொன்னதை அவள் நம்பித்தான் சொன்னாள். உருவங்களை வகை பிரிக்கும் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டிச் சதுரம், செவ்வகம், சாய்சதுரம், முக்கோணம், வட்டம் எல்லாம் செய்து வைத்திருந்தாள். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து இதைச் செய்யவேண்டும் என்றது புத்தகம். ஒரு குழு பிரிக்கவேண்டும், இன்னொரு குழு கேள்வி கேட்கவேண்டும். இங்கே பிள்ளை ஒரு குழு, டீச்சர் ஒரு குழு. அனுப்பிரியா அட்டையை எடுப்பாள், கையை ஒரு குவியலுக்கு மேலே கொண்டுபோவாள், ஒரு கணம் நிறுத்துவாள், வைப்பாள். தப்பே வராது.

சிஞ்சு ஒருநாள் தட்டிக்கு மேலே தலையை நீட்டினாள். அவள் தொடுபுழைக்காரி; தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள்.

"டீச்சரே, கணக்குக்கு மாத்ரம் குட்டியை இங்கோட்டு விடுங்க. எல்லாரோடயும் ஒருமிச்சு இருந்து படிக்கட்டும்."

"அவளுக்குச் சத்தம் ஆகாது" என்றாள் மாரீஸ்வரி.

நவம்பரில் மாரீஸ்வரிக்கு மெட்ராஸ் ஐ வந்தது. கண் சிவந்து பீளை கட்டிய ஆள் வீட்டில்தான் இருக்கவேண்டும். பிள்ளை பக்கம் போகவே கூடாது. அவளுக்கும் அது தெரியும். ஆனால் வீட்டில் இருந்தால் நாள் முழுக்க வாயைத் திறக்க வேலை இருக்காது. கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து, ஜன்னலோரம் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். "கிட்ட வராத. எந்தச் சாமானையும் தொட்டுக் கொடுக்க மாட்டேன். நீயா எடுத்துப் பிரி."

அனுப்பிரியாவின் கை முதல் அட்டையோடு குவியலுக்கு மேலே நின்றது. பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். கையை அடுத்த குவியலுக்கு நகர்த்தினாள். மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். முனை கீழே இருக்கும்படி கையில் வந்த சதுரத்தைக் கொண்டுபோய்ச் சாய்சதுரங்களோடு வைத்தாள். அப்புறம் எடுத்து முக்கோணங்களோடு வைத்தாள். கடைசியில் அட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

"கண்ணாடியக் கழட்டுங்க டீச்சர். எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"என்னத்தா தெரியல? அட்டை உன் கையிலதான இருக்கு?"

"அதில்ல. சரியா தப்பான்னு தெரியல."

மாரீஸ்வரி கண்ணாடியைக் கழற்றவில்லை. பிள்ளை இத்தனை மாதம் படித்தது கணக்கை அல்ல, டீச்சரின் புருவத்தை என்று அவளுக்குப் புரிந்தது. வேறு யாரையும் பார்க்க வழியில்லாத பிள்ளை, எதிரே இருந்த ஒரே முகத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறது. நாலு பிள்ளைகள் இருந்திருந்தால் ஒன்றாவது தப்பாகச் சொல்லியிருக்கும், இன்னொன்று சண்டைக்குப் போயிருக்கும். இங்கே யாரோடு சண்டை போடுவது?

மறுநாளிலிருந்து மாரீஸ்வரி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பிள்ளைக்கு ஒரு ஈர்க்குச்சியும் தீப்பெட்டி ஒன்றும் கொடுக்கும்படி பள்ளி ஆயாவிடம் சொன்னாள். குச்சியை ஒடித்துப் பக்கத்தை அளக்கவேண்டும். தீப்பெட்டியின் முனையை உருவத்தின் மூலையில் வைத்து, பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். நாலு பக்கமும் சமமாக இருந்து மூலையும் பொருந்தினால் சதுரம். பக்கம் சமமாகி மூலை பொருந்தாவிட்டால் வெறும் சாய்சதுரம். அனுப்பிரியா அழுதாள், உம்மென்று இருந்தாள், பிறகு அளந்தாள். அளந்துவிட்டு ஒவ்வொரு தடவையும், "சரியா டீச்சர்?" என்று முதுகைக் கேட்டாள். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

கண் தெளிந்ததும் மாரீஸ்வரி தானே தட்டியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். "சிஞ்சு, இந்தப் பக்கம் பிடி" என்றாள். சிஞ்சு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

அட்டைகளைத் தரையில் கொட்டியதும் பிள்ளைகள் ஈயாக மொய்த்தார்கள். கௌசிக் என்ற லயத்துத் தமிழ்ப் பையன் ஒரு சதுரத்தை முனையில் நிறுத்திப் பிடித்தான்.

"இது பட்டம்."

"சதுரம்" என்றாள் அனுப்பிரியா. முணுமுணுப்பாகத்தான் வந்தது. அவள் திரும்பி டீச்சரைத் தேடினாள். மாரீஸ்வரி வராந்தாவில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"பட்டம்தாண்டி. வாலு ஒட்டினா பறக்கும்."

பிறகு அனுப்பிரியாவின் குரல் கேட்டது, மாரீஸ்வரி அதுவரை கேட்டிராத உயரத்தில்.

"ஏலே, நீ படுத்துக் கிடந்தா வேற ஆளாயிருவியா? அளந்து பாருல!"

வகுப்பே சிரித்தது. கௌசிக் சட்டென்று தரையில் படுத்து, "நான் ஆரு? சொல்லு, நான் ஆரு?" என்று கத்தினான். அனுப்பிரியா தீப்பெட்டியை அவன் மூக்கில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்தாள். அதற்கப்புறம் அவள் வராந்தா பக்கம் திரும்பவேயில்லை.

அன்று சாயங்காலம் இந்து வேலை முடிந்து ஜீப்பில் வந்து இறங்கும் இடத்தில் மாரீஸ்வரி குடையோடு நின்றாள்.

"ஜனவரியிலயே கொண்டு போய்ச் சேத்துரு."

"மார்ச்சுன்னுதான டீச்சர் சொன்னீக? இவ ஏதும் சேட்டை பண்ணிட்டாளா?"

"பண்ணல. பண்ண ஆளில்ல, அதான். நிறையப் பிள்ளைகளோட இருக்கட்டும்."

"உங்களுக்கு..." என்று இந்து இழுத்தாள்.

"எனக்குச் சம்பளம் வரும். நீ போ, மழை வருது."

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று மாரீஸ்வரி வழக்கமான நேரத்துக்கு வந்தாள். மூடுபனி உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்தினாள். அட்டைகளில் ஈரம் ஏறி ஓரம் சுருண்டிருந்தது. எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். தட்டி திரும்பவும் பழைய இடத்தில் நின்றது. அதற்கு அப்பால் யாரோ தப்பாக ஒரு விடை சொல்ல, யாரோ சண்டைக்குப் போனார்கள்.

மதியம் பையைத் திறந்தால் வாழைப்பழம் இரண்டு இருந்தது. ஒன்றைத் தின்றாள். மற்றதைக் கொஞ்ச நேரம் மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். நாளைக்குக் கறுத்துப்போகும். அதையும் தின்றாள்.