பளிச்சக்கா அலசாமல் விட்ட நாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சிரமம் மிச்சம். அந்தக் கோபத்தால் ஒரு தொழிற்சாலையின் மூன்று வாரத்தைப் பாழாக்கியவள் நான். அதிலிருந்து எங்களைக் கரையேற்றியவர் பளிச்சக்கா.

அக்காவுக்கு வேலை பாத்திரம் கழுவுவது. வீட்டுப் பாத்திரமல்ல, ரசாயனம் சமைக்கிற இரண்டு ஆள் உயர எஃகு ரியாக்டர். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் காஸ்டிக் சோடா கரைத்த சுடுநீரைச் சுற்றவிட்டு இறக்குவார். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசுவார். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, "முகம் பாத்துக்கலாம்" என்பார். பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்தும் கொள்வார். அவர் கை பட்டதெல்லாம் பளிச்சென்று இருக்கும், அதனால் அந்தப் பெயர். கணவர் இல்லை. ஒரே மகளை இந்த வேலையைக் கொண்டே படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர்.

நாங்கள் சர்க்கரையையும் தாவர எண்ணெயையும் இணைத்து ஒரு பொருள் செய்கிறோம். ஷாம்பூவில் அழுக்கை இழுத்துப் போவதும், கிரீமில் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் வைத்திருப்பதும் அதுதான். ஆனால் அந்த இரண்டையும் இணைப்பதற்குள் உயிர் போய்விடும். சர்க்கரையும் எண்ணெயும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி, ஒட்டவே ஒட்டாது. அதனால் முன்பெல்லாம் இரண்டையும் கரைக்கிற ஒரு கரைப்பானை ஊற்றித்தான் சமைத்தோம். அதன் நெடி மண்டையைப் பிளக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அடியில் ஒட்டியதைச் சுரண்ட அக்கா ரியாக்டருக்குள் இறங்கினார். உள்ளே கரைப்பான் ஆவி இல்லை, இறங்கலாம் என்று கெமிஸ்டாகக் கையெழுத்துப் போட்டவள் நான். ஆவி இருந்தது. மயங்கி விழுந்தவரைக் கயிறு கட்டித் தூக்கினோம். ஆறு நாள் ஆஸ்பத்திரி. கண் விழித்ததும் கட்டிலருகே இருந்த என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, உள்ளே விழுந்த சுரண்டியை யாராவது எடுத்தார்களா என்பது.

இனி கரைப்பானே வேண்டாம், அது இல்லாமல் செய்து காட்டுகிறேன் என்று அன்றைக்கு முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனிதர், இரண்டு வருடம் பொறுத்தார். கடைசியில் அவரும் கெடு வைத்தார். இந்த மாத முடிவுக்குள் வராவிட்டால் பழையபடிதான். பழையபடி என்றால் அக்கா மறுபடி அந்த நெடிக்குள் நிற்க வேண்டும்.

நாற்பது பேட்ச் போட்டேன். நாற்பதிலும் எண்ணெய் மேலே மிதந்தது, சர்க்கரை அடியில் கிடந்து கருகியது. எரிச்சலில், பாத்திரம் ஒழுங்காகக் கழுவாததுதான் காரணமோ என்று எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கத்தினேன். இனிமேல் யாராவது அலசாமல் விட்டால் அன்றோடு வேலை போச்சு என்றேன். அக்காவும் அந்த வரிசையில்தான் நின்றார்.

நாற்பத்தொன்று கூடிவந்தது. ஒரு கரும்புள்ளிகூட இல்லாமல், இளமஞ்சள் நிறத்தில், வெண்ணெய் போல. நான் அழுதேவிட்டேன். ஆனால் அடுத்த மூன்று வாரத்தில் போட்ட மூன்று பேட்சும் கருகின. அதே எண்ணெய், அதே சர்க்கரை, அதே சூடு. தலைகீழாக நின்று பார்த்தேன், காரணம் பிடிபடவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கரைப்பான் பீப்பாய்கள் லாரியில் வந்துவிட்டன. இறக்குகிற சத்தம் கேட்கக்கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா உள்ளே வந்தார். லாக்கர் சாவியை என் மேசையில் வைத்தார்.

"மேடம், அந்த நல்லா வந்த பேட்சுக்கு முந்தி நான் அலசல."

மெதுவாகத்தான் சொன்னார். அன்று காஸ்டிக் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது. மகளுக்கு வலி எடுத்துவிட்டது, மருமகன் வெளியூரில். வால்வைக்கூடப் பாதியிலேயே மூடிவிட்டு ஓடியிருக்கிறார். பேத்தியைக் கையில் வாங்கிய பிறகுதான் அலசாதது நினைவுக்கு வந்ததாம். மறுநாள் வருவதற்குள் நான் எண்ணெயை ஊற்றிவிட்டேன். நான் கத்தியதை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது மட்டும் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேல போனா போகுது. நாளைக்கு அந்த நெடிக்குள்ள நான் இல்லன்னா வேற ஒருத்தி இறங்குவா. நீங்க காரணம் தேடித்தேடி இளைச்சுப் போறீங்க. ஒருவேள அது எங்கிட்ட இருக்கோன்னு தோணுச்சு."

காஸ்டிக்கும் எண்ணெயும் சூட்டில் சேர்ந்தால் சோப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அடியில் மிச்சம் நின்ற காஸ்டிக், எண்ணெயில் கொஞ்சத்தைச் சோப்பாக்கியிருக்கிறது. அந்தச் சோப்பு ஓரகத்திகளுக்கு நடுவில் நின்று சமாதானம் பேசியிருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் ஆத்திரம் என் புத்தியை மட்டுமா கெடுத்தது, அக்காவின் வாயையும் அல்லவா பூட்டிவிட்டது.

சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்து, அன்று செய்தது போலவே செய்யச் சொன்னேன். வால்வைப் பாதியில் மூடிவிட்டு, அலசாத ரியாக்டரை விட்டு நகர மனமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான்தான் பிடித்து இழுத்து வந்தேன்.

நாற்பத்தைந்து கூடியது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பீப்பாய்கள் மறுபடி லாரியேறித் திரும்பிப் போயின. இப்போது சோப்பை அளந்து நாங்களே சேர்க்கிறோம். அக்கா பழையபடி மூன்று தடவை அலசுகிறார்.

அன்று சாயங்காலம் அவரிடம் நன்றி சொன்னேன். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றதையும் சொல்லிவிட்டேன். உள்ளே இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டது நான்தான் அக்கா என்றேன்.

"அன்னிக்கே தெரியும். கண்ணத் தொறந்தா நீங்க அழுதுட்டு இருந்தீங்க. என்ன சொல்லித் தேத்துறதுன்னு தெரியல, அதான் சுரண்டிய பத்திக் கேட்டேன்."

சொல்லிவிட்டு அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு ரியாக்டரை அலசப் போனார்.