மாமனாரின் மேல்வரிசை

தையல்காரர் தைத்த சட்டை தெருவில் நடந்து போகும். தச்சர் செய்த நாற்காலியைத் தட்டிக் காட்டலாம். பல்செட் செய்கிறவர் பாடு வேறு. இருபது வருட உழைப்பும் ஊராரின் வாய்க்குள் கிடக்கிறது. யாரிடம் போய், "கொஞ்சம் கழட்டிக் குடுங்க, ஒரு போட்டோ எடுத்துட்டுத் தர்றேன்" என்று கேட்பது?

கேட்கவேண்டிய நாள் வந்தது. தான் வேலை பார்த்த பல்செட் லேபின் முதலாளியோடு மோதி, "இந்த வாசப்படிய இனி மிதிக்கமாட்டேன்" என்று அவர் வெளியேறி இரண்டு மாதம். மூன்று கிளைகள் உள்ள ஒரு பல் ஆஸ்பத்திரி, தன் வேலை மொத்தத்தையும் கொடுக்க ஒரே ஒரு ஆளைத் தேடியது. செய்த பல்லை மிக நெருக்கத்தில் எடுத்த மூன்று படங்கள், சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் அனுப்பவேண்டும். தவறினால் திங்கட்கிழமை அதே வாசற்படி.

கைக்கெட்டிய ஒரே பல்செட் கூடத்தில் உட்கார்ந்து, டிவி செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் முன்பு மாமனாருக்கு இலவசமாகச் செய்து கொடுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். மாமனாருக்குக் கிடைத்த தானமே பல்தான். மாதம் ஒரு குறை சொல்லிவிடுவார்.

"மாமா, மேல்வரிசை மட்டும் ரெண்டு மணி நேரம் வேணும்."

"எதுக்கு மாப்ளே, அடகு வைக்கவா?"

"போட்டோ எடுக்க."

"உங்களுக்குக் கல்யாணமாகி பதினஞ்சு வருஷத்துல என்னை ஒரு போட்டோ எடுத்ததில்ல. பல்லுக்கு அடிச்ச யோகத்தப் பாரு."

"குடுங்கப்பா," என்றாள் மாமனாரின் மகள். "வீடும் ரெண்டு மணி நேரம் நிம்மதியா இருக்கும்."

சாப்பாட்டு மேஜை ஸ்டூடியோ ஆனது. பின்னால் கிழிந்த குடையின் கறுப்புத் துணி. போனில் சின்னக் கிளிப் லென்ஸ். பல்லை நிறுத்த, தொழிலுக்கு வைத்திருந்த மெழுகு. முதல் படத்தில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு சூரியன் உதித்திருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் கேனை வெட்டிக் கூடாரமாகக் கவிழ்த்து, வெளியிலிருந்து இரண்டு விளக்குகளைக் காட்டினார். சூரியன்கள் அடங்கின.

அடுத்த தலைவலி: முன்பல் தெளிந்தால் கடைவாய்ப்பல் பனிமூட்டத்தில் போனது. அவ்வளவு நெருக்கத்தில் லென்ஸுக்கு ஒரு மயிரிழை ஆழம்தான் தெரியும். மெழுகுக்கட்டியை, பட்டறையில் இரும்பைப் பிடிக்கும் ஒரு சின்ன வைஸின் நகரும் தாடையில் ஒட்டினார். திருகைக் கால் சுற்று சுற்றி ஒரு படம், மறுபடி கால் சுற்று, மறுபடி ஒரு படம். இப்படி இருபது படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்தால் முழுசாய் ஒன்று. அதுவரை எதுவும் அசையக்கூடாது. ஃபேன் நின்றது. மிக்ஸிக்குத் தடை. பதினெட்டாவது படத்தில் மாமனார் மேஜையைத் தட்டினார்.

"இன்னும் எவ்ளோ நேரம்?" பாதி காற்றாக வந்தது.

"இப்பதான் மாமா, முதல்லேர்ந்து."

நாலரை மணிக்குப் படங்கள் திரையை நிறைத்தன. ஆறு வருடத்து டீக்கறை வண்டல்போலப் படிந்திருந்தது. கடைவாயில் கீறல்கள், தேய்மானம். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதையா அனுப்பப் போறீங்க?"

"வேற யாரு வாயில கை விட?"

நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை பழைய வாசற்படிக்குச் சட்டையை மாட்டும்போது போன் வந்தது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா.

"எல்லாரும் பளபளன்னு புதுசா அனுப்பியிருக்காங்க. சாப்பிட்ட பல்லு உங்களுது மட்டும்தான். இவ்வளவு தேஞ்சும் ஒரு விரிசல் இல்ல. அத வாயோட பாக்கணும், கூட்டிட்டு வாங்க."

மாமனார் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பேசவில்லை. மருமகனுக்கு அதுதான் பயம்.

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்து, தட்டி, அழுத்திப் பார்த்தார். "பெரியவரே, ஆறு வருஷத்துல என்ன தொந்தரவு? மறைக்காம சொல்லுங்க."

மாமனார் மருமகனை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். பிழைப்பு மொத்தமும் அந்த வாயில் இருந்தது.

"பல்லுல ஒரு குறையும் இல்லம்மா. செஞ்ச ஆளப் பத்திதான் நெறைய இருக்கு. நேரம் இருக்கா?"

"இல்லையே," என்று சிரித்தபடி டாக்டரம்மா ஒப்பந்தத்தை மருமகன் பக்கம் நகர்த்தினார். முதல் இரண்டு பாயிண்டையாவது சொல்லிவிடலாமா என்று மாமனார் யோசிப்பதற்குள், மருமகன் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.