பீச் மரத்துக்குத் தேயிலைக் கவாத்து

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் எஸ்டேட்டில் தேயிலைக்குக் கவாத்து வெட்டியவர். செடியை இடுப்பளவில் மட்டமாகக் கழித்துவிடுவதுதான் கவாத்து. கழித்த செடி கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும், பிறகு தளதளவென்று கிளம்பும். நான் கொழுந்து பறித்தவள். செடிகொடி பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வந்து நீட்டி முழக்கக் கூடாது.

அவர் ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேலை இருந்தால்தான் அங்கே வீடு. சொந்த ஊர் என்று திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெயரைச் சொல்வோம், அங்கே எங்களுக்கு ஒரு சுவர்கூடக் கிடையாது. அப்போதுதான், மறையூருக்கு மேலே ஒரு பீச் தோட்டத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். தோட்டத்துக்குள்ளேயே இரண்டு அறை வீடு. தோட்டத்துச் சொந்தக்காரம்மா இருப்பது மலைக்குக் கீழே வடகரப்பதியில். பூக்கும்போதும் காய்க்கும்போதும் வந்து பார்ப்பார்.

"தோட்டத்தப் பாத்துக்கற வரைக்கும் ஊட்டுல தாராளமா இருங்க. மரம் காய்க்கோணுமுங்க, அவ்வளவுதான்" என்றார்.

முதல் வருஷம் காய்த்தது. எனக்குத்தான் உயிர் போயிற்று. மரங்கள் உயரம். தேயிலையைக் கிள்ளுவதுபோல விரலால் இழுத்தால் பழத்தில் அந்த இடம் மறுநாளே கன்றிவிடும். உள்ளங்கையில் ஏந்தித் திருப்பி எடுக்க வேண்டும். அதை ஏணியில் நின்று செய்து பார்த்தால் தெரியும். பழத்தின் சுணை கழுத்தில் விழுந்து அரிப்பு வேறு. முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

டிசம்பரில் இலை உதிர்ந்ததும் நான்தான் சொன்னேன். "எனக்கு இனிமே ஏணி ஆகாது. கை எட்டுற உயரத்துக்கு இறக்கி வெட்டிவிடுங்க."

அவர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "தோட்டத்து அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கிடட்டா?"

"முப்பது வருசம் கத்தி புடிச்ச ஆளு, இதுக்குமா கேக்கணும்? நல்லாத்தான் இருக்கு!" என்று சிரித்தேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கனத்த கிளைகளுக்கு ரம்பம், மற்றதற்கெல்லாம் கவாத்துக் கத்தி. ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்க என் நெஞ்சளவுக்கு மட்டமாகிவிட்டது. எந்தக் கங்காணியும் குறை சொல்ல முடியாத வேலை. கழித்த சிவப்புக் குச்சிகளை நான் கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் பக்கத்துத் தோட்டம் முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்தது. எங்கள் மரங்களில் இலைதான் வந்தது. அவர் தினமும் விடிந்ததும் ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்ப்பார். திரும்பி வந்து காப்பி குடிப்பார். இந்த வீடும் போனால் எங்கே போவது?

அம்மா வந்தார். மரங்களைப் பார்த்தார், அப்புறம் நேராக என் விறகுக் கட்டுக்குப் போய் ஒரு குச்சியை உருவினார். அதன் நீளத்துக்கும் காய்ந்த மொட்டுகள்.

"பீச்சு போன வருசம் வந்த குச்சிலதானுங்க பூக்கும். இந்த வருசக் காய பூராத்தையும் அடுப்புல வெச்சுட்டீங்க" என்றார். பிறகு அவரிடம் திரும்பி, "ஏனுங்கண்ணா, யாரு சொல்லி இப்படி வெட்டுனீங்க?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் வெட்டுனேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. இரண்டு பேருமே மடையர்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே கிளம்பச் சொல்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, பயம். என்னைத் திட்டுவாரே என்ற அற்பப் பயம்.

அம்மா சத்தம் போடவில்லை. "ஊட்டுல இருங்க. ஆனா இனிமேலுக்குக் கத்தியத் தொடாதீங்க. வெட்டறதுக்கு வேற ஆள அனுப்பறேன். அடுத்த வருசமும் காய் இல்லீன்னா நானும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அன்று என் வீட்டுக்காரர் கத்திக்கு எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுத்த டிசம்பரில் வேறு ஆள் வந்து சில குச்சிகளை எடுத்து, பலவற்றை விட்டு, ஒவ்வொரு மரமாக வெட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே இவர் குனிந்து குச்சி பொறுக்கினார். அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இந்த வருஷம் பூத்தது. ஏப்ரலில் கிளை தாங்காத காய். அம்மா வந்து பார்த்துவிட்டு, "வெட்டுனவரு கைராசி" என்றார். இவரும் தலையாட்டி, "ஆமாம்மா, நல்ல வேலைக்காரர்" என்றார். அப்போதாவது, அன்றைக்கு வெட்டச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

பழங்கள் எல்லாம் இவர் மட்டம் வெட்டிய இடத்திலிருந்து கிளைத்த குச்சிகளில், என் தோளுக்கும் தலைக்கும் நடுவில் தொங்கின. ஏணி சுவரில் சாய்த்தபடியே இருந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்டார். "கை எட்டுதாட்டி?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். முழங்காலை நினைத்துத்தான் கேட்டார்.

"எட்டுது" என்றேன். அடுத்த பழத்தை உள்ளங்கையில் ஏந்தித் திருப்பி எடுத்தேன்.